கையேடு காட்டாத தெருக்கள்: ஜோர்ஜ்டவுன் நடைத்தடங்கள் குறித்து ஒரு திறனாய்வு

பினாங்கு மாநிலத்தின் தலைநகராகிய ஜோர்ஜ்டவுன், மலாக்கா நகருடன் இணைத்து, 2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் யுனெஸ்கோ நிறுவனத்தின் உலகப் பாரம்பரியத் தளங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அந்நாள் முதலாக இந்நகரைப் பற்றிய எழுத்தில் ஒரு வகை பெருகி வந்துள்ளது. கட்டடக் கலை நூல்களையோ வரலாற்று ஆய்வேடுகளையோ நாம் குறிக்கவில்லை. தங்கும் விடுதிகளின் வரவேற்பு மேசையில் விலையின்றிக் கிடைக்கும் மடித்த தாளையே குறிக்கிறோம். ஒரு பக்கம் தெருக்களின் வரைபடம். அதன்மேல் எண்ணிட்ட வட்டங்கள். மறுபக்கம் ஒவ்வோர் எண்ணுக்கும் நான்கைந்து வரி விளக்கம். வழிகாட்டி எவரும் உடன்வராமல் தாமே நடந்து நகரைக் காண விரும்புவோருக்கென ஆக்கப்பட்டது அது. இன்று அதுவே கைப்பேசித் திரைக்கும் வந்துவிட்டது. இக்கட்டுரையில் அதனை 'நடைத்தாள்' என்றும், அதன்வழி மேற்கொள்ளும் நடையைத் 'தன்னடை' என்றும் வழங்குவோம்.

நடைத்தாளை ஒரு நூல்வகையாகக் கொண்டு திறனாய இடமுண்டா எனும் வினா எழலாம். உண்டு என்பதே நம் கருத்து. அதற்கு ஆசிரியர் உண்டு. பெரும்பாலும் பெயர் இராது. கேட்போர் உண்டு. முதலில் எதைக் காட்டுவது, எதனை இறுதியில் வைப்பது எனும் அமைப்பு உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, எதைச் சொல்லாது விடுவது எனும் தெரிவு உண்டு. ஆண்டுதோறும் இந்நகருக்கு வருவோருள் பெரும்பாலோர் பினாங்குத் தமிழரைப் பற்றி வாசிக்கும் ஒரே எழுத்து இத்தாளின் சில வரிகளாகவே இருக்கக்கூடும். அவ்வரிகளை நாம் வாசித்துப் பார்க்காமல் விடுவது முறையன்று. எந்த ஒரு நிறுவனத்தின் வெளியீட்டையும் பெயர் சுட்டிக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. வகையின் இயல்பையே நோக்குகிறோம்.

தாளோடு நடத்தல்

இத்தகைய தாள்கள் சிலவற்றைக் கையில் கொண்டு ஒரு நாள் காலை நாம் நடந்தோம். தொடக்கம் கார்ன்வாலிஸ் கோட்டை. பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு கரையிறங்கிய இடத்தை ஒட்டி எழுந்தது அது. அங்கிருந்து செயின்ட் ஜார்ஜ் தேவாலயம்; அதனையடுத்துக் குவான் யின் கோயில்; பின்னர் குயின் தெருவின் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம்; கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல்; சூலியா தெருவின் நாகூர் தர்கா; இறுதியில் லெபோ பாசார் எனப்படும் சந்தைத் தெருவும் அதனைச் சூழ்ந்த குட்டி இந்தியாவும். நடைக்கு இரண்டு மணி நேரம் போதும். நாம் ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டோம். சந்தைத் தெருவில் தேநீர் அருந்தியதும் அதற்கு ஒரு காரணம்.

தமிழர் தொடர்பான வட்டங்களில் இத்தாள்கள் சொல்வன பெரும்பாலும் மூன்று பொருள்களுக்குள் அடங்குகின்றன: கோபுரம், உணவு, சேலை. கோபுரத்தின் வண்ணச் சிற்பங்கள், வாழையிலைச் சோறு, பட்டுக்கடையின் பளபளப்பு, ஒலிபெருக்கியில் திரைப்பாடல், மல்லிகையின் மணம். இவற்றுள் எதுவும் பொய்யன்று. நாமும் அத்தெருவின் மணத்தை விரும்புபவர்களே. ஆயினும் கண்ணும் மூக்கும் நாவும் நிறைந்தபின், இம்மக்கள் இங்கு எதற்காக வந்தனர், என்ன வேலை செய்தனர், எங்கு உறங்கினர் எனும் வினாக்களுக்கு விடை சொல்ல நான்கு வரிகளில் இடம் எஞ்சுவதில்லை.

மாறாக, தமிழர் பெயரே சொல்லாத வட்டங்களைப் பாருங்கள். கோட்டை முதலில் மரத்தாலான வேலியாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைச் செங்கல்லும் கல்லும் கொண்டு கட்டியெழுப்பியோர் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். 1818இல் நிறைவுற்ற செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் கைதிகளின் உழைப்பால் எழுந்ததே. வங்கம், சென்னை, பம்பாய் ஆகிய மாகாணங்களிலிருந்து அவர்கள் கொண்டுவரப்பட்டனர். எனவே அனைவரையும் தமிழர் எனல் பொருந்தாது. எனினும் நடைத்தாளின் கணக்கில் கோட்டை ஆங்கிலேயரின் வட்டம், தேவாலயமும் ஆங்கிலேயரின் வட்டம், 'இந்திய' வட்டம் கோபுரத்தில்தான் தொடங்குகிறது. வழிபட்ட இடம் அடையாளமாகிறது; உழைத்த இடம் ஆவதில்லை. இது நடைத்தாளின் முதற்குறை மட்டுமன்று, அடிப்படைக் குறையும் இதுவே என நாம் கருதுகிறோம்.

பள்ளிவாசலின் பெயரால் இன்று வழங்கும் பழைய பிட் தெரு, தாள்களுக்கு மிக விருப்பமானது. தேவாலயம், சீனர் கோயில், அம்மன் ஆலயம், பள்ளிவாசல் ஆகியன ஒரே தெருவை ஒட்டி நிற்பதால் 'நல்லிணக்கத் தெரு' எனும் பெயரும் அதற்குண்டு. அந்நல்லிணக்கம் பொய் என்பது நம் வாதமன்று. ஆனால் ஓர் ஆண்டு நம் கண்ணில் மீண்டும் மீண்டும் பட்டது. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன், தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக, அதாவது கப்பித்தானாக, ஏற்கப்பட்டுப் பள்ளிவாசலுக்கு நிலம் பெற்றது 1801இல். குயின் தெருவில் இந்துக் கோயிலுக்கென பெட்டி லிங்கம் செட்டியாரிடம் நிலம் தரப்பட்டதும் 1801இல். அந்த இடத்தில் இன்றைய ஆலயம் எழுந்தது 1833இல். இனத்துக்கொரு தலைவர், தலைவருக்கொரு நிலம், நிலத்தில் ஒரு வழிபாட்டிடம் எனக் கிழக்கிந்தியக் கம்பெனி குடியேற்றத்தை ஒழுங்கு செய்த முறை அது. ஆட்சித் தந்திரத்தின் விளைவாகப் பக்கத்தில் பக்கத்தில் அமைந்தவை, பின்னர் மக்களின் பழக்கத்தால் உறவாயின. தாள் முன்னதை விட்டுப் பின்னதை மட்டும் சொல்கிறது. வருவோர் தெரு ஒன்றைக் கண்டு மகிழ்கின்றனர். அது எவ்வாறு உண்டாயிற்று என்பது அவர்களுக்குத் தெரியாமற் போகிறது.

வந்து போனவர்கள்

தமிழர் வாழ்வு இந்நகரில் கட்டடமாக நிலைபெறாமைக்கு வலுவான காரணம் உண்டு. 1794இல் லைட் எழுதிய குறிப்பொன்று சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்களைப் பற்றிப் பேசுகிறது. அவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் இங்குள்ளனர். கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டுவருகின்றன. வணிகத்தாலும் பலவகை வேலையாலும் சிறிது பணம் சேர்த்து அவர்கள் ஊர் திரும்ப, அவர்களிடத்தில் வேறு சிலர் வருகின்றனர் என்பது அதன் சாரம். வந்து போவதே அவர்களின் இருப்பாக இருந்தது. கப்பலும் கரையும் கிட்டங்கியும் அவர்களின் நகரம்.

கிட்டங்கி என்பதை இளைய வாசகர்க்கு விளக்க வேண்டியுள்ளது. பண்டசாலை என்பது அதன் முதற்பொருள். நகரத்தார் வட்டிக்கடை நடத்திய நீண்ட கூடமும் கிட்டங்கியே. துறைமுகத் தொழிலாளர் பலர் சேர்ந்து தங்கி, முறை வைத்துச் சமைத்து, பாய்விரித்து உறங்கிய வீடும் கிட்டங்கியே. நகரத்தாரின் கூடத்தில் ஆளுக்கொரு பெட்டகமும் கணக்கெழுத ஒரு சாய்மேசையும். தொழிலாளியின் கூடத்தில் ஆணியில் தொங்கும் ஒரு சட்டை. இரண்டுக்கும் ஒரே சொல் வழங்கியது எண்ணத்தக்கது.

இவ்வாழ்வைக் காண வேண்டுமாயின் நடைத்தாளைவிட ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' எனும் நாவல் சிறந்த கையேடு என்போம். 1959இல் வெளிவந்த அந்நாவலின் வட்டிக்கடை உலகம் பினாங்கினுடையது. முதலாளி அடுத்தாள் உறவும், ஊரில் இருக்கும் குடும்பத்தின் எதிர்பார்ப்பும், போர்க்காலத்துக்குப் பின் ஓர் இளைஞனுக்கு மூடிக்கொள்ளும் வாயிலும் அதிலுண்டு. இன்று பினாங்குத் தெருவில் ஒரு கடைவீட்டின் முகப்பைப் பார்த்துச் சுண்ணாம்புப் பூவேலையை வியக்கும் பயணியிடம், அதனுள்ளே ஒரு மனிதன் மூன்றாண்டுக் கணக்கை முடித்து ஊர் போகக் காத்திருந்தான் என்று சொல்ல யாருமில்லை.

நாகூர் தர்காவுக்கும் இது பொருந்தும். சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சிறிய கட்டடம் அது. நாகூரில் அடங்கிய சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கடல் கடந்தவர்கள் எழுப்பியது. சிங்கப்பூரிலும் அவர் பெயரால் ஒரு தர்கா உண்டு. அது அழகானது என்று தாள் சொல்லும். ஆனால் அதே நாகூரில் பிறந்த குலாம் காதிறு நாவலர் 1883இல் பினாங்கிலிருந்து 'வித்தியா விசாரிணி' எனும் தமிழ் இதழை நடத்தினார் என்பது எந்த வட்டத்திலும் வராது. காரணம் எளிது. இதழுக்கு மாடமும் வளைவும் இல்லை. நின்று பார்க்க ஒன்றுமில்லை. இந்நகரில் தமிழ் அச்சேறி நூறாண்டுக்கு மேலாகிறது என்பதை ஒரு பயணி அறியாதிருப்பது பெரிதன்று. இங்கேயே வாழும் தமிழ் மாணவன் அறியாதிருப்பதே நமக்கு வருத்தம்.

பெயர்கள்

பினாங்குத் தெருவில் நாம் தாளை விரித்து நின்றபோது முதியவர் ஒருவர் அருகில் வந்தார். "என்ன சார் தேடுறீங்க?" என்றார். பினாங்குத் தெருவின் எல்லையைப் பார்ப்பதாகச் சொன்னோம். "பினாங்கு தெருவா? இது கிட்டங்கித் தெரு சார். நாங்க அப்படித்தான் சொல்லுவோம். அந்தாண்ட போனா படகுக்காரத் தெரு. நீங்க தேநீ குடிச்சது கடைத்தெரு" என்றார். நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலேறி, தந்தையோடு சிறுவனாக வந்தவர் அவர். துறைமுகத்தில் மூட்டை ஏற்றி ஓய்வு பெற்றவர். "ஐயா, எங்கே தங்கியிருந்தீர்கள்?" என்று கேட்டோம். கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய வீடு இப்போது ஒரு விடுதி. கதவருகே அழகிய பித்தளைப் பலகை இருந்தது. நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லா வெச்சிருக்காங்க" என்றார். அவர் குரலில் கசப்பு இல்லை.

தெருப்பெயர்ப் பலகைகளில் மலாய் மொழியோடு தமிழ் எழுத்தும் 2008ஆம் ஆண்டு முதலாகச் சில தெருக்களில் இடம்பெற்றது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் பலகையில் தமிழ் எழுத்து இருப்பது வேறு. தமிழர் வழங்கிய பெயர் இருப்பது வேறு. ஆட்சியாளர் இட்ட பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதினால் அது வாசிக்க உதவும்; கடைத்தெரு என்பதோ கிட்டங்கித் தெரு என்பதோ நினைவுக்கு உதவும். சீனர் இந்நகரத் தெருக்களுக்குத் தம் வழக்கில் வேறு பெயர்கள் வைத்திருந்தனர். அவை 1900ஆம் ஆண்டளவிலேயே தொகுக்கப்பட்டு அச்சேறின. தமிழர் வழங்கிய பெயர்களை மூத்தோர் வாயிலிருந்து கேட்டுத் தொகுக்கும் பணியோ பெரும்பாலும் எஞ்சியே நிற்கிறது. இங்குக் குறை நடைத்தாளினது அன்று, நம்முடையது. இந்திய ஆய்வியல் துறைகளில் சங்க காலத் துறைமுகங்கள் குறித்து நாம் எழுதிய ஏடுகள் எத்தனை, ஜோர்ஜ்டவுன் துறைமுகத் தமிழர் குறித்து எழுதியவை எத்தனை என எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

அம்முதியவர் ஏன் இன்று கிட்டங்கித் தெருவில் வாழவில்லை என்பதற்கும் விடை வேண்டும். துறைமுகம் 1969இல் தன் தீர்வையில்லாத் துறைமுக நிலையை இழந்தது, வேலை சுருங்கியது. எனினும் மக்கள் பழைய வீடுகளில் குறைந்த வாடகையில் தங்கியிருந்தனர். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களைக் காத்தது. அச்சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் காப்பு முற்றிலும் முடிவுக்கு வந்தபோது, உள்நகரக் குடியிருப்பாளர் பலர் வாடகை தாங்காது வெளியேறினர். எட்டாண்டுகள் கழித்து உலகப் பாரம்பரியத் தகுதி வந்தது. பலவகை மக்கள் அடுத்தடுத்து வாழ்ந்த வாழ்வும் அத்தகுதிக்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. வாழ்ந்தோருள் ஒரு பகுதியினர் அதற்கு முன்பே சென்றுவிட்டனர். இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்து எழுதிய நடைத்தாள் எதனையும் நாம் காணவில்லை.

2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் சக்காரெவிச் சுவரோவியங்களை வரைந்தபின் தன்னடையின் போக்கே மாறிற்று. ஆர்மீனியன் தெருவில் மிதிவண்டிச் சிறுவர் ஓவியத்தின் முன் படமெடுக்க மக்கள் வரிசையில் நிற்கின்றனர். அவ்வோவியங்கள் நல்லவை. நகரம் தன்னைக் காட்டும் சுவராகிவிட்டது என்பதற்கு மேல் அதைப் பற்றி இங்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆற்றுப்படையும் ஊர்காணலும்

வழிகாட்டும் எழுத்து தமிழுக்குப் புதிதன்று. ஆற்றுப்படை எனும் துறையே அதற்காக உள்ளது. பரிசில் பெற்று மீளும் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் மற்றொருவருக்குத் தாம் நடந்த வழியையும் பெற்ற பேற்றையும் சொல்லி ஆற்றுப்படுத்துவது அத்துறை. சொல்பவர் நடந்தவர்; கேட்பவருக்குத் தேவை உண்டு. பத்துப்பாட்டினுள் மலைபடுகடாம் வழியின் இடர்களைச் சொல்வதில் நிகரற்றது. விலங்குகளுக்கு வைத்த பொறி எங்குள்ளது, பாறை எங்கு வழுக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எத்திசையிலிருந்து வரும், இரவு எங்குத் தங்கலாம் என அது எச்சரிக்கும். பெரும்பாணாற்றுப்படையிலோ வழியின் ஒவ்வொரு கட்டமும் ஒரு மக்களின் குடியிருப்பு. எயினர், கோவலர், உழவர், வலைஞர் என நிலைகள் மாறுகின்றன. ஒவ்வோரிடத்தும் அவர்தம் தொழிலும், வருவோர்க்கு அவர் இடும் உணவும் கூறப்படுகின்றன. அங்கு உணவு காட்சிப்பொருளன்று. ஒருவர் உழைத்து ஈட்டியதை மற்றொருவருக்கு இடுவது. நடைத்தாள் காட்டும் வழியில் கட்டடங்கள் நிற்கின்றன. ஆற்றுப்படை காட்டும் வழியில் மனிதர் நிற்கின்றனர்.

ஆற்றுப்படைப் புலவர் மன்னனைப் புகழும் கடப்பாடு உடையவர், எனவே அவரும் ஒருவகை விளம்பரம் செய்தவரே என்று மறுப்புரைக்கலாம். மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆயினும் மன்னன் அரண்மனையை அடையுமுன் அவர் நூற்றுக்கணக்கான அடிகளை வழியில் வாழ்வோருக்குச் செலவிட்டார். நடைத்தாள் அரண்மனையில் தொடங்கி அரண்மனையில் முடிகிறது.

தன்னடைக்கு இன்னும் நெருங்கிய சான்று சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டு, வழிகாட்டி எவருமின்றிக் கோவலன் மதுரையைக் காணச் செல்கிறான். யவனர் காக்கும் வாயிலைக் கடந்து, கணிகையர் வீதி, மணிகள் விற்கும் தெரு, பொற்கடை, அறுவை வீதி, கூல வீதி என நடக்கிறான். மணிகளின் குற்றமும் குணமும் விரிவாக வருகின்றன. மதுரையின் சிறப்பையும் அரசனது கொற்றத்தையும் வியந்தே அவன் மீள்கிறான். மறுநாள் அதே நகரில் அவனுக்கு நேர்ந்தது நாம் அறிந்ததே. கடைவீதியை முழுதும் கண்டவன் நகரைக் காணவில்லை என்பதை இளங்கோவடிகள் வெளிப்படச் சொல்லவில்லை. காதைகளின் வரிசையே அதைச் சொல்கிறது. மணியின் குற்றத்தை அறிந்த வணிகன் நகரின் குற்றத்தை அறியக் கூடவில்லை. குட்டி இந்தியாவின் நகைக்கடைகளைக் கடந்தபோது இது நினைவுக்கு வந்தது.

வேறு நகரங்கள் இச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டன என்பதும் நோக்கத்தக்கது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1951ஆம் ஆண்டு உருவான விடுதலைத் தடம், தரையில் செங்கோடிட்டுப் பதினாறு இடங்களை இணைக்கிறது. தன்னடைகளுக்கு அது ஒரு முன்மாதிரி. அதில் இடம்பெறாத கறுப்பின மக்களின் வாழ்வுக்கென அதே நகரில் பின்னர்த் தனித்தடம் வகுக்க வேண்டியதாயிற்று. சப்பானின் நாகசாகி நகர் வேறு வழியில் சென்றது. 2006இல் அங்கு நடந்த நகர்நடைப் பெருவிழாவுக்கு 'சாருக்கு' எனும் சொல்லைப் பெயராக்கினர். சுற்றித் திரிதல் எனப் பொருள்படும் அவ்வூர் வட்டாரச் சொல் அது. வரைபடத்துடன் தாமே நடப்பது, ஊரார் வழிகாட்ட நடப்பது, அறிஞரிடம் கேட்டுக் கற்பது என மூவகை நடைகள் வைத்தனர். வழிகாட்டியோர் ஊர்மக்களே. தன்னடை அங்கு விலக்கப்படவில்லை. மற்ற இரண்டின் அருகில் வைக்கப்பட்டது. தம் ஊர்ச்சொல்லையே பெயராக்கியமை நம் கவனத்துக்குரியது. கிட்டங்கித் தெரு எனும் பெயரை ஒரு தாளின் தலைப்பாக்க நமக்கும் தடையொன்றுமில்லை.

தேர் நடக்கும் வழி

உலகப் பாரம்பரியத் தளமாக வரையறுக்கப்பட்ட ஜோர்ஜ்டவுன் பகுதி 259.42 எக்டர், அதில் மையப் பகுதி 109.38 எக்டர். நடைத்தாள்கள் பெரும்பாலும் இம்மையத்துக்குள்ளேயே சுழல்கின்றன. தமிழரின் நகரமோ இக்கோட்டுக்குள் அடங்குவதில்லை. வண்ணார் துவைத்து உலர்த்தும் டோபிகாட் இதற்கு வெளியே உள்ளது. கப்பலில் வந்த கூலித் தொழிலாளர் நோய்த்தடைக்காக நிறுத்திவைக்கப்பட்ட ஜெரெஜாக் தீவு கடலுக்குள் உள்ளது. நாசி கண்டார் உணவைக் கூடத் தாள் ஒரு கடையின் முகவரியாகவே காட்டுகிறது. கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவுதடி. தமிழ் முஸ்லிம்கள் அதன் இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளரை நாடி நடந்தனர். உணவு நடந்து சென்ற வழியை விட்டு, நின்ற இடத்தை மட்டும் நாம் குறித்துக்கொண்டோம்.

இக்கோட்டை ஆண்டுதோறும் ஒரு முறை கடப்பது வெள்ளித்தேர். தைப்பூசத்துக்கு முன்னாள் விடியலில், பினாங்குத் தெருவில் உள்ள நகரத்தாரின் கோவில் வீட்டிலிருந்து முருகப்பெருமான் புறப்படுகிறார். 1894ஆம் ஆண்டின் தேர் அது, காளைகள் இழுக்கும். வழியெங்கும் தேங்காய்கள் உடைகின்றன. உடைப்போருள் சீனர் பலர். இரவில் தண்ணீர்மலையில் நகரத்தார் 1857இல் எழுப்பிய கோயிலைத் தேர் அடைகிறது. 2017 முதல் குயின் தெரு ஆலயத்திலிருந்து தங்கத்தேரும் மலைமேல் உள்ள பாலதண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்கிறது. இரு தேர்கள் ஏன், எவர் தேர் முந்துவது என்ற பேச்சுகளுக்குள் நாம் புகவில்லை. வட்டிக்கடைகள் இருந்த தெருவையும், அங்கு ஈட்டிய பொருளால் எழுந்த கோயிலையும், இடையே வாழ்ந்த மக்களையும் ஒரே நாளில் இணைத்துக் காட்டும் நடை இந்நகரில் இது ஒன்றே. நூறாண்டுக்கு மேலாக அச்சிட்ட தாள் எதுவுமின்றி அது நடந்து வருகிறது. நடைத்தாள்கள் இதனைத் 'திருவிழாக்கள்' எனும் தலைப்பில் ஒரு வரியாகப் பின்பக்கம் வைக்கின்றன. நம் பார்வையில் முன்பக்க வரைபடமாக வேண்டியது தேர்வழியே.

தமிழில் ஒரு நடைத்தாள் எழுதப்பட வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். நமக்குக் கிடைத்தவற்றுள் தமிழில் ஒன்றும் இல்லை. ஆங்கிலத் தாளை மொழிபெயர்த்தால் போதாது. அது கோட்டையில் தொடங்கலாகாது. வந்தவர்கள் கரையேறிய கடற்கரைச் சாலையில் தொடங்க வேண்டும். வட்டங்களுக்குப் பெயரிடுமுன் தெருக்களின் தமிழ் வழக்குப் பெயர்களைத் திரட்ட வேண்டும். அப்பெயர்களைச் சொல்வோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள்; அவர்களுள் பலர் உள்நகரில் இல்லை, அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகளோடு உள்ளனர். அவர்களை ஒரு முறையேனும் அழைத்துவந்து உடன் நடக்க வேண்டும். நான்கு வரியில் சொல்ல முடியாதவற்றைச் சொல்ல வேண்டியிருப்பதால் அத்தாள் சற்றுப் பெரிதாகவே இருக்கும்.

கிட்டங்கித் தெருவில் கண்ட முதியவர் அன்று நம்மோடு ஒரு மணி நேரம் நடந்தார். கூலி வாங்கிய இடம், கடிதம் எழுதிக் கொடுப்பவர் அமர்ந்த திண்ணை, நாடகம் பார்த்த கொட்டகை, நண்பர் ஒருவர் இறந்தபோது உடலை வைத்திருந்த கூடம் எனப் பத்து இடங்களைக் காட்டினார். கையிலிருந்த நடைத்தாளின்மேல் அவற்றைப் பென்சிலால் குறித்தோம். ஏழு இடங்கள் வரைபடத்துக்குள் விழுந்தன. மூன்றுக்கு இடமில்லாமல், தாளின் ஓரத்தில் விளம்பரம் அச்சிட்டிருந்த பகுதியில் எழுதிக்கொண்டோம்.